வருஷத்தில் ஒரு நாள் பூட்டும் கதவு

எல்லர்கில்
மார்ச் 24, ஞாயிறு மதியம்

அன்பு மகன் டங்கனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை லொரேனும் உடம்பளவில் சுகம், மனசளவில் எப்படி என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். அங்கே நீயும் மருமகள் கிரியும் குழந்தையும் உங்கள் ஆடுகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. வாராவாரம் போனில் பேசுகிறோமே, நியூசிலாந்துக்குக் காகிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ ஊடே புகுந்து பேசுவாய், நானும் அதை விடு, ஆட்டு ரோமம் கத்தரிச்சாச்சா என்று கேட்டு நழுவிவிடுவேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் நழுவிக்கொண்டு வருகிறேன். நம் ஊராட்சி ராட்னி உனக்கு ஒரு படிவம் அனுப்பியிருப்பார், என் காகிதம் வரும்வரை அதில் ஓர் எழுத்தும் எழுதாதே என்று வியாழக்கிழமை போனில் சொன்னேனே, அது இதற்காகத்தான். உட்கார்ந்து முழுக்கப் படி, பாதியில் தூக்கிப் போட்டுவிடாதே.

முதலில் ஊர்ச் சேதி. குளிர் இன்னும் விட்டபாடில்லை, மேட்டு வயலில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன, போன வாரம் மட்டும் மூன்று குட்டிகளை ஈரத்துக்குப் பறிகொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு ஈஸ்டர். எப்போதும் இந்த நாட்களில் ஊர்ப் புல்வெளியைச் சுற்றிக் கார்களாக நிற்கும், உனக்குத்தான் தெரியுமே, அருவி எந்தப் பக்கம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒரே மூச்சில் கேட்பார்கள், மேட்டில் ஒன்பது கிழவிகள் என்கிற பழைய நடுகற்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து எட்டுதான் இருக்கிறது என்று நம்மிடம் சண்டைக்கு நிற்பார்கள், ஒன்பதாவது நான்தான், டீ ஊற்றக் கீழே இறங்கி வந்தேன் என்று சொல்லி அனுப்புவேன். நாய் கழிந்ததைப் பையில் கட்டி முள்வேலியில் தோரணம்போலத் தொங்கவிட்டுப் போவார்கள். அவர்களைத் திட்டாத நாள் கிடையாது. இந்த வருஷம் ஒருவரும் வரவில்லை, திட்ட ஆளில்லாமல் வாய் நமநமவென்கிறது. லொரேன் நேற்றுச் சுட்ட ஸ்கோன் ரொட்டிகளை இன்று காலை தானே வாத்துகளுக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் விட்டுப் போன பிறகு அவள் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் அந்த டீக்கடையில்தான் கொட்டியிருக்கிறாள். கடை இருப்பது அருவிக்குப் போகிற பாதையின் வாயில். பாதை இல்லாமல் கடை ஏது.

பழைய மில்லை வீட்டோடு வாங்கிய ஹார்கிரீவ் அந்தப் பாதையை மூடியதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன், எப்படி மூடினார் என்று சொன்னதில்லை. போன வருஷம் செப்டம்பரில் ஒரு காலை, சர்ச்சைத் தாண்டி மில் முற்றத்துக்குள் நுழைகிற கதவில் புதுச் சங்கிலியும், தனியார் இடம் என்று ஒரு பலகையும். அவ்வளவுதான், அருவிக்கும் கிழவிகள் கற்களுக்கும் போகவேண்டுமென்றால் இனிப் பெரிய சாலையைச் சுற்றி இரண்டு மைல், அதில் பால் லாரிகள் எந்த வேகத்தில் வருமென்று உனக்கே தெரியும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு எவர் வருவார். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவர் மனைவிக்கு மறதி நோய். முன்பின் தெரியாத முகங்களை முற்றத்தில் பார்த்தால் பயந்து அலறுகிறாள். ஒரு நாள் ஒரு கூட்டம் அவர்கள் சமையலறை ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்து, இதுதான் மியூசியமா என்று கேட்டதாம், உள்ளே அவள் இரவு உடையில் நின்றிருக்கிறாள். அன்றைக்குத்தான் சங்கிலி வாங்கப் போயிருக்கிறார்.

ஊர் சும்மா இருக்குமா. ராட்னியை நினைவிருக்கிறதல்லவா, லீட்ஸில் பூகோள வாத்தியாராக இருந்துவிட்டு இங்கே வந்து குடியேறியவர், கழுத்தில் எப்போதும் வரைபடம் தொங்கும், நடைபாதைகளுக்கு அவர்தான் நம் ஊராட்சியில் பொறுப்பு. அவர் போன நவம்பரில் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார். நிற்க இடமில்லை. அவர் எழுந்து, "இது நம்ம பாதைங்க. இருபது வருஷம் யாரும் தடுக்காம, யார்கிட்டயும் கேக்காம நடந்திருந்தோம்னா சட்டப்படி அது ஊருக்குச் சொந்தம். எல்லாரும் ஆளுக்கொரு படிவம் நிரப்பிக் குடுங்க, மேலேருந்து ஒரு அதிகாரி வந்து விசாரிப்பார், மே மாசம் முடிஞ்சுடும்" என்றார். படிவத்தில் இருபது முப்பது கேள்விகள். எப்போதிலிருந்து நடக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை தரம், நடந்தா குதிரையிலா என்றெல்லாம் கேட்டுவிட்டுப் பதினோராவதாக, இந்தப் பாதையில் கதவு எப்போதாவது பூட்டியிருந்ததா, உங்களையோ நீங்கள் அறிந்த யாரையோ எவரேனும் தடுத்தார்களா என்று ஒரு கேள்வி. என் பேனா அங்கே நின்றுவிட்டது. லொரேன் பக்கத்தில் உட்கார்ந்து என் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில், நான் எழுதியதெல்லாம் உண்மை என்கிற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

அது போதாதென்று ராட்னி வேறு ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். ஹார்கிரீவின் வக்கீல் அனுப்பியது. மில்லின் பழைய சொந்தக்காரி மிஸ் டெனிசன் வருஷத்துக்கு ஒரு நாள், பிப்ரவரியில், பாதையை மூடும்படி தன் வேலையாளிடம் சொல்லி வைத்திருந்ததாகக் கேள்வி, அதற்கு எழுத்தில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. அந்த வேலையாள் உன் அப்பாதான், ராட்னி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "வேலையாள் யாரு? நம்ம நார்மன்! அந்தம்மா சொல்லியிருக்கும், நான் இல்லைங்கல. பிப்ரவரிக் குளிர்ல நார்மன் போயிப் பூட்டியிருப்பார்ங்கிறீங்க? போர்வைக்குள்ளேருந்து ஒரு கைய நீட்டி, பூட்டியாச்சும்மான்னு சொல்லியிருப்பாரு" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அவரு சைக்கிளுக்கே பூட்டு வாங்காத ஆளாச்சே" என்றான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. வஞ்சகமாக இல்லை, பிரியமாகத்தான். உன் அப்பாவும் எதையும் மெதுவாகச் செய்கிறவர், நாலு பேர் நடுவில் தன்னையே கேலி செய்துகொள்கிறவர், அதனால் அவர்களுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன் டங்கன். அவருடைய மனைவி நான், அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் என் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

ஏனென்றால் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அவர் மில்லில் இருந்த முப்பது வருஷத்திலும், பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எந்தச் செவ்வாய் என்பதை மிஸ் டெனிசன் முந்தின நாள்தான் சொல்வாள், வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்ச் சங்கிலி போட்டு, இன்று வழி இல்லை என்று பலகை மாட்டி, இருட்டும்வரை கதவோடு நிற்பார். அது எதற்கென்று நீ ஒரு தரம் கேட்டாய், அவர் சரியாகச் சொல்லவில்லை. மற்ற நாளெல்லாம் ஊர் நடப்பது டெனிசன் குடும்பத்தின் அனுமதியால், ஊருக்கு உரிமை என்று ஆகிவிடவில்லை என்று காட்டுவதற்கு அந்த ஒரு நாள். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பலரும் செய்வதுதான். சங்கிலியை மாட்டிவிட்டு வீட்டுக்கு வரக்கூடாதா, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். "எவனாவது சங்கிலியத் தாண்டிப் போயிட்டு நான் போனேன், யாரும் தடுக்கலன்னு சொன்னா? ஆளு நின்னாத்தான்டி மூடினது" என்பார். மத்தியானம் நான் பிளாஸ்கில் டீயும் இறைச்சி அடைத்த ரொட்டியும் கொண்டுபோவேன். கடைசி வருஷம் மூச்சு வாங்கியபடி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தக் குளிரில் நடக்க வருகிறவர் யார், அதனால் ஊருக்குத் தெரியாது. முப்பது வருஷத்தில் அவர் திருப்பி அனுப்பியவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், பெரும்பாலும் வெளியூர். ஊர்க்காரர் இரண்டே பேர். ஒருவர் பழைய தபால்காரர், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவன் நீ.

இத்தனையும் தெரிந்து நான் ஏன் இல்லை என்று எழுதினேன் என்றால், லொரேனின் கடைக்காகத்தான், ஆனால் பழியை அவள்மேல் போட மனசு வரவில்லை. குளிர்காலம் முழுக்க அதை மறக்கப் பார்த்தேன். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சர்ச்சில் பித்தளை துலக்கிக்கொண்டிருந்தேன், ஹார்கிரீவ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "மிஸஸ் ஆல்டர்சன், உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரர் அந்தக் கதவ நிஜமாவே பூட்டினதே இல்லையா?" என்றார். படிவத்தில் எழுதியிருக்கிறேனே என்றேன். "படிச்சேங்க. உங்க வாயால கேட்டுட்டா என் மனசு ஆறிடும்னு வந்தேன். நீங்க இல்லன்னா இல்லதான், நான் வேற வழி பாத்துக்கறேன்" என்றார். எனக்கு எதுவும் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டுத் துலக்கின மெழுகுவர்த்தித் தண்டையே மறுபடி துலக்கினேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள், அவள் கோட்டுப் பொத்தானைக் குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன செவ்வாய் கடைக்குப் போய் லொரேனிடம் சொன்னேன், நான் எழுதியதைத் திருத்தப் போகிறேன் என்று. துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அம்மா, நீ ஒத்த வார்த்தை எழுதினது. அது மேலதான் என் பொழப்பே நிக்குது" என்றாள். அப்பா பூட்டியது பொய்யா, உன் அண்ணன் அன்று திரும்பி வந்தது பொய்யா என்று கேட்டேன். அவளுக்கு நன்றாகத் தெரியும், நீ அன்று கதவை அறைந்து சாத்தின சத்தத்தில் மாடியிலிருந்து ஓடி வந்தவள் அவள்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது வீட்டுச் சண்டைம்மா, ஊர் வழக்கு இல்ல. அப்பா செத்து எட்டு வருஷம் ஆச்சு, நாலு பேர் சிரிச்சா அவருக்கு என்ன கொறஞ்சுடும்? நான் உசுரோட இருக்கேன்ல? என்னப் பாக்க மாட்டியா?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, இருந்தாலும் என்னால் அப்படியே விடவும் முடியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. காலையில் பால் மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள்.

புதன்கிழமை ராட்னி வீட்டுக்குப் போய்ப் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. "பெரிலம்மா, வயசாயிடுச்சு, உங்களுக்கு எதையோ எதோடயோ போட்டுக் கொழப்பியிருக்கு" என்றார். எனக்கு எழுபத்திரண்டு, உங்களுக்கு எழுபத்தைந்து, யாருக்குக் குழம்பியிருக்கிறது என்பதை அதிகாரி முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நீங்க எதையும் திருத்தவும் வேணாம், விசாரணைக்கு வரவும் வேணாம். வீட்டுல இருங்க, போதும். நீங்க ஒருத்தர் சொல்றத மட்டும் வச்சு ஒண்ணும் ஆகிடாது. பூட்டினதா சொல்றவங்க, நிஜமா யாரத் தடுத்தாங்கன்னு காட்டணும். அப்படித் தடுபட்ட ஆளு ஊர்ல ஒருத்தர்கூட இல்லையே?" என்றார். அவரே தொடர்ந்து, "நம்ம டங்கனுக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கேன். சின்ன வயசுலேருந்து அந்தப் பாதையில ஓடின பையன். அவன் ஒருத்தன் எழுதினாப் பத்துப் பேர் எழுதின மாதிரி" என்று சந்தோஷமாகச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார், குடிக்காமல் வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நானே அந்த அதிகாரிக்கு எழுதி, பதினோராம் கேள்விக்கு நான் எழுதியது பொய், என் கணவர் வருஷந்தோறும் பூட்டினார், பகல் முழுக்க நின்றார் என்று சொல்லித் தபாலில் போட்டுவிட்டேன். உன் பெயரை எழுதவில்லை. அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆகவே இப்போது உன் கையில் இருக்கிறது. என் கடிதம் மட்டும் என்றால் கிழவிக்கு ஞாபகப்பிசகு என்று ராட்னி சமாளித்துவிடுவார், பாதை ஊருக்குக் கிடைத்துவிடும், லொரேன் கடை பிழைக்கும். நீயும் நடந்ததை எழுதினால் கிடைக்காது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் தங்கையை நினைத்து நீ பேசாமல் இருந்தால் அதற்காக உன்னைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், அன்றைக்கு நடந்ததை முழுக்கத் தெரிந்துகொண்டு செய். உனக்குப் பாதிதான் தெரியும். அப்பாவுக்கும் பாதிதான் தெரியும். முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிப்ரவரிச் செவ்வாய், யார்க்கில் ரயில் பட்டறையில் உனக்கு நேர்முகத் தேர்வு. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் எட்டு மணிப் பஸ், அதை விட்டால் மதியம்தான். நீ மில் பாதையில் ஓடிப் போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது, உன் அப்பா நிற்கிறார். நீ என்னிடம் சொன்னதுதான் எனக்குத் தெரியும், "கெஞ்சினேன்ம்மா. இன்னைக்கு யாருக்கும் வழி இல்ல, திரும்புன்னு சொல்லிட்டு வேற பக்கம் பாத்தாரு. எனக்கு அப்பாவா அந்தக் கிழவிக்குக் காவல்காரனான்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல" என்றாய். சாலையைச் சுற்றி ஓடியும் பஸ் போய்விட்டது. வேலையும் போனது. ஆறு வாரத்தில் நண்பனோடு ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலைக்கென்று நியூசிலாந்துக்கு நீ போனவன்தான். அப்பா அடக்கத்துக்கு வந்தபோது கல்லறைப் பக்கத்தில் நின்று, "அவருக்கு என்னைவிடக் கதவுதான் பெருசு" என்று சொன்னாய். அப்போதும் உன் பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முந்தின நாள் திங்கள்கிழமை மதியம், மில்லிலிருந்து சாப்பிட வந்த அப்பா என்னிடம், "நாளைக்கு மூடுற நாள்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. டங்கன்கிட்ட மறக்காமச் சொல்லிடு, அரை மணி முன்னாலயே கெளம்பிச் சாலை வழியா போகட்டும், நான் வரதுக்குள்ள அவன் படுத்துடுவான்" என்றார். சரி என்றேன். சாயங்காலம் நீ வந்தாய், நான் உன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், காலர் சரியாக மடியவில்லை, அதையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன், வேலை கிடைத்துவிட்டால் எந்த ஊரில் அறை எடுப்பாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது என் நினைவை விட்டே போய்விட்டது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது, மறந்துவிட்டேன். காலையில் நீ கிளம்பிப் போனபோதும் தோன்றவில்லை, நீ திரும்பி வந்து கதவை அறைந்தபோதுதான் தோன்றியது. அன்று இருட்டியதும் அப்பா வந்தார், கை விரல்களெல்லாம் குளிரில் நீலம் பாரித்து மடக்க முடியாமல் இருந்தன. கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்று, "பெரில், அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சொல்லியும் அந்தப் பக்கமே வந்தானா" என்றார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தனக்காக அப்பா திறப்பாரா என்று பார்க்கத்தான் மகன் வந்தான் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார். வேண்டுமென்றே அப்பா தடுத்தார் என்று நினைத்துக்கொண்டு நீ இருக்கிறாய். நடுவில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அவர் உயிரோடிருந்த பத்து வருஷம் இருந்தது, சொல்லவில்லை. முதலில் பயம், அப்புறம் இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்கிற வெட்கம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவரிடம் இனிக் கேட்க முடியாது.

நீயும் கிரியும் நன்றாக இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம், கடவுள் உங்கள் மூவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே இனிக் குளிர் தொடங்கும், நெஞ்சுக்குக் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. லொரேன்மேல் கோபப்படாதே, அவளிடம் நீ ஒரு வார்த்தை பேசு, என்னிடம் பேசாவிட்டாலும் அண்ணனிடம் பேசுவாள். ஏப்ரல் பத்தொன்பதுக்குள் படிவம் ராட்னி கையில் இருக்க வேண்டுமாம், அனுப்புவதானால் தாமதிக்காதே. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எப்போதும்போலப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

உன்னிடம் சொல்ல மறந்தவள்,
உன் அம்மா
பெரில்